பின்னல் உழைப்பும் ஓய்வு நேரமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

வேர்ஜீனியா வூல்ஃப் 1927 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கலங்கரை விளக்கத்துக்கு' என்னும் நாவலின் முதற் பகுதியில் திருமதி ராம்சே ஒரு காலுறையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். கலங்கரை விளக்கக் காவலனின் நோயுற்ற மகனுக்கென அவர் பின்னும் அக்காலுறையைத் தம் மகன் ஜேம்சின் காலோடு வைத்து அளந்து பார்க்கிறார், நீளம் போதவில்லை. அன்றிரவு அதனைத் தாம் முடிக்கப்போவதில்லை என்று அப்பகுதியின் இறுதியில் அவரே கூறிவிடுகிறார். நாசிகளின் ஆட்சியிற் பதவியிழந்து இஸ்தான்புல் நகரில் அடைக்கலம் பெற்றிருந்த ஜெர்மானிய அறிஞர் எரிக் ஓவர்பாக், அங்கிருந்து எழுதி 1946 இல் வெளியிட்ட 'மிமேசிஸ்' என்னும் பெருநூலின் இறுதி இயலுக்கு இக்காலுறையின் பெயரையே சூட்டினார். நவீன நாவல் மனித நனவைச் சித்திரிக்கும் முறையினை விளக்க அக்காட்சி அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

அக்காட்சி பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் திருமதி ராம்சேயின் மனத்தைத் தொடர்ந்தே சென்றுள்ளன. அவருடைய கைகளைத் தொடர்ந்து செல்வோமாயின் எதிர்ப்படும் வினாக்கள் வேறானவை. நாவல் நிகழுமிடம் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஸ்கை தீவு. அதற்கு வெகு தொலைவில், வடகிழக்கே அமைந்த ஷெற்லாந்துத் தீவுகளிற் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகவே பின்னி வந்தனர். ஊசியும் ஒன்று, நூலும் ஒன்று, கைத்திறனும் ஏறத்தாழ ஒன்று. எனினும் ஒருத்திக்கு அது மாலை நேரத்து அறச்செயல். மற்றவளுக்கு அது நாளைய உணவு. ஒரே தொழில் இவ்வாறு இரு வேறு சமூகப் பொருள்களைப் பெறுவது எங்ஙனம்? இன்று பொழுதுபோக்காகச் சுவெற்றர் பின்னும் ஒருவரின் கூடையில் முடிவுறாது கிடக்கும் இரண்டு மூன்று சுவெற்றர்களும், அடுத்த சுவெற்றருக்கெனக் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட நூற்பந்துகளும் இவ்வரலாற்றில் எவ்விடத்தைப் பெறுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் தொழில்நுட்பம் பற்றிச் சில கூறுதல் வேண்டும். நெசவிற் பாவும் ஊடையுமாகிய நூல்கள் தறியில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாகத் தன்னுள்ளேயே கோக்கப்பட்டு ஆடையாகிறது. எனவே தறியும் வேண்டியதில்லை, தனியிடமும் வேண்டியதில்லை. ஓரிரு ஊசிகளும் ஒரு நூற்பந்தும் இருப்பின் நடந்துகொண்டும் ஆடு மேய்த்துக்கொண்டும் பின்னலாம். முற்றாத பின்னலின் நூலைப் பிடித்து இழுத்தால் அதுவரை செய்த வேலை முழுவதும் அவிழ்ந்து மீண்டும் நூலாகிவிடும். இவ்விரு பண்புகளும், அதாவது எங்கும் எடுத்துச் செல்லத்தக்கதாயிருத்தலும் அவிழ்த்துத் திரும்பச் செய்யத்தக்கதாயிருத்தலும், பின்னலின் சமூக வரலாற்றைப் பெரிதும் நிர்ணயித்துள்ளன.

எகிப்திற் கிடைத்த இஸ்லாமியர் காலத்துப் பருத்திக் காலுறைகள் உண்மையான பின்னலுக்குரிய மிகப் பழைய சான்றுகளிற் சேர்வன. ஐரோப்பாவின் மத்தியகால இறுதியில், நகரக் கைவினைச் சங்கங்களின் ஆதிக்கம் நிலவிய இடங்களிற் பின்னல் ஆண்களின் தொழிலாகவே விளங்கிற்று. ஆகவே பின்னல் இயல்பிலேயே பெண்ணுக்குரியது என்னும் கருத்து வரலாற்றால் உறுதிப்படுவதன்று. இங்கிலாந்தில் 1571 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உயர்குடியினர் முதலிய சிலரைத் தவிர ஆறு வயதுக்கு மேற்பட்ட யாவரும் ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களிற் கம்பளியாற் பின்னிய தொப்பி அணிய வேண்டும் என விதித்தது. 1597 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு தொழிலைக் காக்க அரசு குடிமக்களின் தலைகளையே சந்தையாக்கிய செய்தி இது.

1589 இல் நொற்றிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் யந்திரத்தை உருவாக்கினார். கையாற் பின்னிப் பிழைப்போர் கதியற்றுப் போவர் எனக் கருதி எலிசபெத் அரசி அவருக்குக் காப்புரிமை மறுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. லீ பிரான்சுக்குச் சென்றார். யந்திரம் அவருக்குப் பின் இங்கிலாந்துக்கே திரும்பிற்று. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மத்திய இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தத்தம் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இந்த யந்திரத்தை இயக்கி வாழ்ந்தன. வீடு தொழிலாளியினுடையதாக இருந்தாலும் யந்திரம் பெரும்பாலும் முதலாளியினுடையதாகவே இருந்தது. வேலை குறைந்த வாரத்திலும் யந்திர வாடகை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. 1845 இல் அரச ஆணையாளர் ஒருவர் இத்தொழிலாளரின் அவலங்களை விசாரித்து அறிக்கை அளித்தார். வாடகை கழிக்கும் வழக்கம் 1874 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நிறுத்தப்பட்டது.

1811 இல் நொற்றிங்ஹாம் பகுதியிற் தொடங்கிய யந்திர உடைப்பு இப்பின்னணியில் நோக்கப்பட வேண்டியது. எல்லா யந்திரங்களையும் அத்தொழிலாளர் உடைத்தனர் என்று எண்ணுவது தவறு. அகன்ற துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, மட்டமான காலுறைகளைச் சந்தையில் இறக்கிக் கூலியைக் குறைத்த முதலாளிகளின் யந்திரங்களே பெரிதும் குறிவைக்கப்பட்டன. 1952 இல் எரிக் ஹொப்ஸ்போமும் 1963 இல் ஈ. பி. தொம்சனும் இவ்வியக்கத்தின் அறிவார்ந்த தன்மையை நிலைநாட்டினர். யந்திரத்தை உடைப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து, 1812 பெப்ரவரி 27 ஆம் திகதி கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். மசோதா சட்டமாயிற்று. ஒரு கவிஞனின் அரசியற் குரல் காலுறைத் தொழிலாளருக்காக முதன்முதலில் எழுந்தமை இலக்கிய மாணவர் மறக்கக் கூடாத செய்தி.

3

யந்திரம் வந்தபின் கைப்பின்னல் மறைந்துவிடவில்லை. நிலம் போதாத, மாற்றுத் தொழிலற்ற ஓரப் பிரதேசங்களில் அது மேலும் மலிவான உழைப்பாகத் தொடர்ந்தது. ஷெற்லாந்து இதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே அத்தீவுப் பெண்கள் ஒல்லாந்து மீனவருக்குக் காலுறை விற்றனர். முதுகிற் கூடை நிறைய நிலக்கரி சுமந்து வரும் வழியிலும் அவர்கள் கைகள் பின்னிக்கொண்டே இருந்தன. இங்கு நிலக்கரி என நாம் குறிப்பது சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்தி எரிக்கும் கரிமண்ணையாகும். இடையிற் கட்டிய தோற்பட்டையின் துளையில் ஓர் ஊசியைச் செருகி, நடந்தபடியே பின்னினர். ஓய்வு என்று சொல்லத்தக்க ஒரு கணமும் உற்பத்தியிலிருந்து தப்பவில்லை.

இவ்வுழைப்புக்குக் கிடைத்த ஊதியம் எத்தகையது? பணத்துக்குப் பதிலாகப் பொருள் கொடுக்கும் முறை பற்றி விசாரித்த ஆணைக்குழு 1872 இல் ஷெற்லாந்து தொடர்பான அறிக்கையை வெளியிட்டது. பின்னற்காரிகள் பலர் நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தனர். சால்வையையோ காலுறையையோ கொண்டு செல்லும் பெண்ணுக்கு வணிகர் பணம் கொடுப்பதில்லை. தமது கடையிலுள்ள துணியோ தேயிலையோ கொடுத்தார். வீட்டில் மாவில்லாத பெண் அத்தேயிலையை அயலாரிடம் கொடுத்து மாவும் கிழங்கும் பெற வேண்டியிருந்தது. உடனே பொருள் எடுக்காதவளுக்கு 'லைன்' எனப்பட்ட கடதாசித் துண்டொன்று வழங்கப்பட்டது. அதனை அந்தக் கடையிலேயே பின்னர் மாற்றலாம். கம்பளி நூலைப் பணத்துக்கன்றிக் கொடுப்பதில்லை எனச் சில வணிகர் வைத்திருந்த வழக்கமும் சாட்சியங்களால் வெளியாயிற்று. இச்செய்தியின் கொடுமையை நாம் நின்று நோக்க வேண்டும். பின்னுபவள் தான் பின்னிய பொருளைக் கொடுத்து அடுத்த பின்னலுக்கு வேண்டிய நூலைப் பெற இயலவில்லை. நூலின்றேல் வணிகரின் நூலையே வாங்கி அவருக்காகப் பின்ன வேண்டும். மூலப்பொருள் மீதான உரிமை இழக்கப்படும்போது சுயதொழில் செய்பவள் கூலியாளாகும் முறை இதனில் தெளிவாகப் புலப்படுகின்றது.

இலங்கைத் தோட்டங்களில் 1921 இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய 'துண்டு' முறையை அறிந்த நமக்கு இக்கடதாசித் துண்டு முற்றிலும் அந்நியமானதன்று. தோட்டத்துத் துண்டு தொழிலாளி பட்ட கடனைக் குறித்தது; ஷெற்லாந்துத் துண்டு வணிகர் தொழிலாளிக்குப் பட்ட கடனைக் குறித்தது. கடனாளி யாராயிருப்பினும் கட்டுண்டவர் உழைப்பாளியே. 1887 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பின்னற் பொருள்களுக்கும் பணமே கொடுக்கப்பட வேண்டும் என விரிவாக்கப்பட்டது. எனினும் நடைமுறை உடனே மறைந்துவிடவில்லை.

4

உழைப்பின் இவ்வுண்மை வரலாறு மங்க, அதன் இடத்திற் கதைகள் தோன்றின. ஷெற்லாந்துத் தொகுதியைச் சேர்ந்த ஃபெயார் தீவின் பல்வண்ணச் சுவெற்றரை வேல்ஸ் இளவரசர் 1922 இல் சென் அன்றூஸ் கொல்ஃப் மைதானத்தில் அணிந்தார். மேட்டுக்குடியினரிடையே அது உடனே நாகரிகமாயிற்று. அவ்வண்ணக் கோலங்களை 1588 இல் அத்தீவிற் கரைதட்டிய ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் கற்பித்தனர் என்னும் கதையும் பரவிற்று. அதற்கு ஆதாரமில்லை. ஒரு வரிசையில் இரு நிறங்களுக்கு மேற் கையாளாது, அவற்றை வரிசைதோறும் மாற்றி மாற்றிப் பல நிறத் தோற்றத்தை உண்டாக்கும் அந்நுட்பம் தீவுப் பெண்களின் கணித அறிவுக்குச் சான்று. அவ்வறிவை அவர்களுக்கே உரியதாக ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை போலும்.

அயர்லாந்தின் அறன் தீவுகள் பற்றிய கதை இலக்கியத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஜே. எம். சிங் எழுதி 1904 இல் மேடையேறிய 'கடலை நோக்கிச் செல்வோர்' என்னும் நாடகத்தில், கடலில் மூழ்கியவனின் காலுறையில் தான் தவறவிட்ட கண்ணிகளை எண்ணிச் சகோதரி அவனை அடையாளம் காண்கிறாள். தன் கைப்பிழையைத் தானே அறியும் பெண்ணின் துயரம் அது. பிற்காலத்தில் இக்காட்சி திரிந்து, ஒவ்வொரு மீனவக் குலத்துக்கும் தனித்தனிச் சுவெற்றர்க் கோலம் இருந்தது, பிணத்தை அடையாளம் காண அது உதவிற்று என்னும் தொன்மமாக வளர்ந்தது. உண்மையில் இன்று நாம் அறியும் அறன் சுவெற்றர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. குலக்கோலம் என்பது விற்பனைக்கு உதவிய கற்பனை. உழைத்தவளின் கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடத்தில், வாங்குவோன் கோலத்தின் பழைமையைக் கேட்டான். பண்ட வழிபாடு என மார்க்ஸ் விளக்கியது இத்தகைய மறைப்பையே.

5

இனிப் பொழுதுபோக்காகப் பின்னுவோரை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 ஜூனில், பிரித்தானியாவில் உடைக்குக் கூப்பன் முறை வந்தபோது பின்னற் கம்பளி நூலும் அதற்குட்பட்டது. பழைய சுவெற்றரை அவிழ்த்துக் கழுவி மீண்டும் பின்னுதல் அன்று வீட்டுக் கடமையாயிற்று. போருக்குப் பின் யந்திரச் சுவெற்றர் மலிவாகப் பெருகவே, கையாற் பின்ன வேண்டிய பொருளாதாரத் தேவை மேற்கு நாடுகளிற் பெரும்பாலும் அற்றது. தேவை அற்ற இடத்திலும் பின்னுவோர் எஞ்சினர். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் எலிசபெத் சிம்மர்மன் குறிப்பிடத்தக்கவர். 1910 இல் இங்கிலாந்திற் பிறந்து, நாசி ஜெர்மனியை விட்டு நீங்கி அமெரிக்காவிற் குடியேறிய அவர், 1958 இல் தமது சொந்தச் செய்தி மடலைத் தொடங்கினார். 1971 இல் 'கண்ணீரின்றிப் பின்னல்' என்னும் நூலை வெளியிட்டார்.

அச்சிட்ட கோலக்குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றுதலை விடுத்து, பின்னுபவரே தமது சுவெற்றரைத் திட்டமிடலாம் என அவர் கற்பித்தார். அவருடைய முறை எளிய கணக்கு. முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி, கழுவி, உலர்த்தி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என எண்ண வேண்டும். 5 கண்ணி எனில், 40 அங்குல மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி. இதனை நூறு வீதமாகக் கொண்டால், மணிக்கட்டுக்கு 20 வீதம், அதாவது 40 கண்ணி. மேற்கைக்கு 33 வீதம், அதாவது 66. கழுத்துக்கு 40 வீதம், அதாவது 80. மாதிரித் துண்டை அலட்சியம் செய்து, உண்மையில் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி விழுமாயின் அதே 200 கண்ணி 36 அங்குலத்துக்குச் சற்று மேலாகவே அமையும். சுவெற்றர் அணிபவருக்கு இறுகிவிடும்.

நூலைத் திட்டமிடுதலும் இதுபோன்றதே. நடுத்தரத் தடிப்புள்ள நூலாயின் வளர்ந்தவர் ஒருவரின் சுவெற்றருக்கு ஏறத்தாழ 1,000 மீற்றரோ சற்று மேலோ வேண்டும். நூறு மீற்றர்ப் பந்துகள் பதினொன்று போதும் என்று தோன்றினாலும் அனுபவசாலி பன்னிரண்டு வாங்குவார். ஒரே நிறமெனினும் வேறொரு முறை சாயமிட்ட நூல் சற்றே வேறுபடும். சட்டையின் நடுவே அவ்வேறுபாடு கோடாகத் தெரியும். எஞ்சிய அரைப்பந்துகள் வீணாவதில்லை. அவை அடுத்த சுவெற்றரின் தோட்பகுதிக் கோலத்துக்கு நிறங்களாகும். இவ்வாறு முடிந்த சுவெற்றரின் மிச்சத்திலிருந்தே தொடங்காத சுவெற்றரின் திட்டம் பிறக்கின்றது.

ஒரே காலத்தில் இரண்டு மூன்று சுவெற்றர்கள் ஊசியில் நிற்பதற்கும் காரணமுண்டு. உடற்பகுதியைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவது கவனம் வேண்டாத வேலை, உரையாடிக்கொண்டே செய்யலாம். பல்வண்ணக் கோலமோ பகல் வெளிச்சமும் தனிமையும் வேண்டுவது. ஒரு கையைப் பின்னி முடித்தபின் அச்சொட்டாக அதுபோன்ற மற்றக் கையைத் தொடங்குவதற்கு மனம் எளிதில் இசைவதில்லை. ஒற்றைக் கையோடு மாதக்கணக்கிற் கிடக்கும் சுவெற்றர்கள் பல. வேலையின் தன்மைக்கேற்பப் பொழுதையும் பொழுதின் தன்மைக்கேற்ப வேலையையும் இங்கு உழைப்பவரே ஒழுங்கு செய்கிறார். ஷெற்லாந்துப் பின்னற்காரி இழந்த மூன்று உரிமைகளை, அதாவது நூலின் மீதான உரிமை, வடிவமைப்பின் மீதான உரிமை, நேரத்தின் மீதான உரிமை ஆகியவற்றைப் பொழுதுபோக்குப் பின்னலாளர் மீளப் பெற்றுள்ளார். முடிக்காது விட்டுவைக்கும் உரிமையும் அவற்றுள் அடங்கும். வணிகருக்குப் பின்னியவளுக்கு முடிவுறாத சால்வை என்பது பசி.

6

இம்மீட்சியின் எல்லை யாது? மேற்கூறிய சுவெற்றரையே எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 5 கண்ணியும் 7 வரிசையும் எனக் கொண்டால், உடலின் 15 அங்குலத்துக்கு 21,000 கண்ணிகள். இரு கைகளையும் தோட்பகுதியையும் சேர்ப்பின் மொத்தம் ஏறத்தாழ 46,000. நிமிடத்துக்கு 25 கண்ணி என்னும் வேகத்தில் இது முப்பது மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலை. இந்த உழைப்புக்குரிய கூலியைச் சேர்த்து அதனை விற்க முயன்றால் வாங்குவோர் அரியர். விசைத்தறி வந்தபின் கைத்தறி நெசவாளியின் ஒரு மணி நேர உழைப்பு சமூக உழைப்பின் அரை மணி நேரத்தையே குறித்தது என மார்க்ஸ் காட்டினார். யந்திரம் நிர்ணயித்த அவசிய உழைப்பு நேரத்துக்கு மேற்பட்டது எதுவாயினும் சந்தையில் அது மதிப்பற்றது. ஆகவே கைப்பின்னல் பரிமாற்றத்திலிருந்து விலகிய பின்னரே சுதந்திரமாக முடிந்தது எனலாம். அது சந்தையை வென்றதால் வந்த சுதந்திரமன்று. சந்தையாற் கைவிடப்பட்டதால் வந்தது.

மேலும், கைவிட்ட சந்தை வேறு வாயிலால் மீண்டும் நுழைகின்றது. சுவெற்றரை விற்க முடியாதெனினும் நூலை விற்கலாம். பின்னி முடிக்க இயலாத அளவு நூலைச் சேர்க்கும் வழக்கம் பொழுதுபோக்காளரிடையே பரவலாகக் காணப்படுவது. திட்டமிடும் இன்பமே ஒரு பண்டமாகி விற்கப்படுகின்றது. மற்றொன்றும் உண்டு. பின்னுவோரிற் பெரும்பாலார் பெண்கள். அவர்களுடைய ஓய்வு பெரும்பாலும் சமையலுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் இடையே கிடைக்கும் துண்டுப் பொழுதுகளாலானது. முடிவுறாத சுவெற்றர் சுதந்திரத்தின் அடையாளமாயிருப்பது போலவே, சிதறிய நேரத்தின் அடையாளமாகவும் இருக்கின்றது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காண்பது ஆய்வாகாது.

இவற்றோடு யந்திரச் சுவெற்றரின் மலிவையும் நினைத்தல் வேண்டும். பொழுதுபோக்காளரைத் தேவையிலிருந்து விடுவித்த அம்மலிவு, வங்காளதேசம் போன்ற நாடுகளில் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களின் கூலிக் குறைவிலிருந்து பிறப்பது. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அண்மையிலுள்ள ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். 1978 இலிருந்து கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடை தைத்து வரும் நம் நாட்டுப் பெண்களின் நிலையும் இத்தொடரிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. ஒருவரின் ஓய்வு வேறொருவரின் மிகைநேர உழைப்பின் மேல் அமைந்திருக்கும் வரை, அவ்வோய்வு முழுமையான சுதந்திரமாகாது.

எனினும் பொழுதுபோக்குப் பின்னலைக் குட்டி முதலாளித்துவக் கேளிக்கை என்று தள்ளிவிடுவோரோடு நாம் உடன்படோம். ஓய்வு நேரம் வானிலிருந்து விழுந்ததன்று. 1847 ஆம் ஆண்டின் பத்து மணித்தியாலச் சட்டம் முதலாக ஒவ்வொரு மணித்தியாலமும் தொழிலாளர் போராட்டத்தாற் பெறப்பட்டது. வேலைநாளைக் குறைத்தலே சுதந்திர உலகின் அடிப்படை நிபந்தனை என்பது 'மூலதனம்' மூன்றாம் பாகத்திற் காணப்படும் கருத்து. அவ்வாறு கிடைத்த நேரத்தில் மனிதர் என்ன செய்வர்? எவரும் கட்டாயப்படுத்தாதபோதும் கணக்கிட்டு, பின்னி, பிழை கண்டு, அவிழ்த்து, மறுபடி பின்னுகின்றனர். உழைப்பு இயல்பிலேயே வெறுப்புக்குரியது என்னும் முதலாளித்துவப் பொருளியலாரின் துணிபுக்கு இக்கூடையே மறுப்பு. வெறுப்பு உழைப்பிலிருந்து எழுவதன்று. அது உழைப்பின் மீது சுமத்தப்பட்ட உறவுகளிலிருந்து எழுவது.

7

மீண்டும் திருமதி ராம்சேயிடம் வருவோம். அவர் முடிக்காத காலுறை ஒரு தொழிலாளியின் மகனுக்குரியது. அன்பினால் தொடங்கப்பட்டதாயினும், அதனை முடிப்பதும் விடுவதும் அவருடைய மாலைப் பொழுதின் வசதியைப் பொறுத்ததாகவே இருந்தது. சிறுவனின் குளிரைப் பொறுத்ததாக இருக்கவில்லை. அறச்செயலாகச் செய்யப்படும் உழைப்பின் வரம்பு அதுவே. அக்காலுறையின் நிறத்தை ஆராய்ந்த திறனாய்வு, அதன் நீளக் குறைவையும் ஆராய்ந்திருக்கலாம்.

நம் ஆய்வாளருக்கும் இதிற் கற்க வேண்டியது உண்டு. யாழ்ப்பாணத்துப் பன்ன வேலையில் பெட்டியும் கடகமும் பாயும் இழைத்த பெண்களின் கணக்கறிவு, அவர்கள் ஓலை பெற்ற விதம், இழைத்ததற்குப் பெற்ற விலை, இழைத்த பொழுது ஆகியவை பற்றி நாம் எழுத வேண்டியது மிகப் பல. அவர்களுடைய பாடல்களைத் தொகுக்க முனைந்த அளவுக்கு அவர்களுடைய கூலியைத் தொகுக்க நாம் முனையவில்லை. வீட்டு மூலையிற் பாதியிற் கிடக்கும் ஒரு கைவேலையை எடுத்து, இதன் மூலப்பொருள் யாருடையது, இந்நேரம் யாருடையது, இதனை முடிக்காது விட யாருக்கு உரிமையுண்டு என்று கேட்பதிலிருந்து அவ்வாய்வு தொடங்கலாம்.